தெருவிலிருந்து வந்த பூனைக்குச் சர்க்கரை: எந்த இன்சுலின், எந்தச் சாப்பாடு, எந்தக் கருவி?

வாசலில் சோறு வைத்துப் பழக்கிய பூனையை ஒருவழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப நிரப்பக் காலியாகிறது. மணல் தட்டில் பெரிய பெரிய மூத்திரக் கட்டிகள். நன்றாகத் தின்கிறது, ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. சில பூனைகள் பின்னங்காலில் விரலூன்றி நடப்பதை விட்டுவிட்டு, குதிகால் வரை தரையில் படிய நடக்கும். சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். டாக்டர் ரத்தம் பார்த்து 380 என்கிறார். வீட்டில் உடனே ஆளுக்கொரு யோசனை: பாட்டியின் இன்சுலின் ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது, மாத்திரை கொடுத்தால் போதாதா, சோற்றை நிறுத்தினால் சரியாகிவிடாதா, திரும்பத் தெருவிலேயே விட்டால் என்ன?

ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் அந்த 380ஐயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

பூனைக்குப் பயம் வந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் தூக்கிப்போய், நாய்கள் குரைக்கும் வராந்தாவில் காத்திருக்க வைத்த தெருப்பூனைக்கு, நோயே இல்லாமல் 300, 350 காட்டினால் ஆச்சரியமில்லை. அதனால் ஒரே ஒரு ரத்த எண்ணை வைத்து ஆயுள்கால ஊசியைத் தொடங்கக் கூடாது. பூனையின் சிறுநீரகம் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 250, 290ஐத் தாண்டினால்தான் மூத்திரத்தில் சர்க்கரையை விடும். ஆகவே வீட்டில் அமைதியாக இருக்கும்போது பிடித்த மூத்திரத்திலும் சர்க்கரை தெரிந்தால் சந்தேகம் பாதி தீரும். மீதிக்கு ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடந்த ஒன்றிரண்டு வாரச் சர்க்கரையின் சராசரியை அது சொல்லும். அன்றைய ஆட்டோ பயணம் அதைப் பாதிக்காது. உங்கள் ஊர் லேபில் செய்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பூனை சாப்பிடுகிறது, வாந்தி இல்லை, மூத்திரத்தில் கீட்டோனும் (சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உடம்பில் சேரும் அமிலப்பொருள்) இல்லை என்றால், சில நாள் வீட்டில் பழகவிட்டு மறுபடி பார்ப்பதில் தவறில்லை. மாறாக, சாப்பாட்டை ஒதுக்குகிறது, வாந்தி எடுக்கிறது, சுருண்டு கிடக்கிறது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வருகிறது என்றால் அது கீட்டோன் மிஞ்சி ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸாக இருக்கலாம். அன்றே டிரிப் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கீழே வரும் ஒப்பீடு எதுவும் அந்த நிலையில் உள்ள பூனைக்குப் பொருந்தாது.

இன்னொரு கேள்வியை டாக்டரிடம் கேட்டுப் பயனில்லை. தெருவில் அதற்குச் சோறு வைத்தவரிடம் கேட்க வேண்டும். "அக்கா, இதுக்கு வாய்ப்புண்ணுக்கோ அரிப்புக்கோ யாராவது ஊசி போட்டாங்களா?" தினமும் பிடித்து மருந்து கொடுக்க முடியாத தெருப்பூனைகளுக்கு, பல நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை ஒரே தடவையாகப் போட்டுவிடுவது உண்டு. ஸ்டீராய்டு இன்சுலினை வேலை செய்யவிடாது. அதனால் வந்த சர்க்கரை, ஊசியின் வேகம் தணிந்த பிறகு இறங்கவும் கூடும். பற்சிதைவு, ஈறுவீக்கம், மூத்திரப்பாதைத் தொற்று எல்லாமும் இன்சுலினின் வேலையைக் கெடுப்பவைதான். கருத்தடை ஆகாத பெட்டையென்றால் சினைக்கால ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். இவற்றைச் சரிசெய்யாமல் இன்சுலின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பல் பிடுங்கியதும் பாதி அளவு போதுமென்று ஆன பூனையையும் பார்த்திருக்கிறேன்.

சரி, சர்க்கரை நோய்தான் என்று உறுதியாகிவிட்டது. எந்த மருந்து நல்லது என்று தனியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. மருந்து, அதை இழுக்கும் சிரிஞ்ச், தட்டில் வைக்கும் சாப்பாடு, சர்க்கரையைப் பார்க்கும் கருவி ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு செட். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். வீட்டில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் இந்த நான்குக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

இன்சுலின்: பாட்டியின் குப்பியா, புதிதாக வாங்குவதா?

முதல் ஆசை வீட்டு ஃபிரிட்ஜில் உள்ளதைப் போடுவது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் அது மிக்ஸ்டார்ட் 30/70 ஆக இருக்கும். இதைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிடுங்கள். அதில் முப்பது பங்கு சட்டென்று வேலை செய்யும் இன்சுலின். மனிதர் ஊசி போட்டுவிட்டு இட்லியோ சோறோ சாப்பிடுவதால் ஏறும் சர்க்கரையைப் பிடிக்க அது வேண்டும். கறி தின்னும் பூனைக்குச் சாப்பிட்டதும் அப்படிக் குபீரென்று ஏறுவதில்லை. ஏறாத சர்க்கரையை இறக்கினால் பூனை மயங்கி விழும்.

அடுத்தது என்.பி.எச். எனப்படும் பால் நிற இன்சுலின். இன்சுலாடார்ட், ஹியூமின்சுலின் என் என்ற பெயர்களில் வருவது. விலை மலிவு, சின்ன ஊர் மெடிக்கலிலும் கிடைக்கும். இதற்காகப் பேச அவ்வளவுதான் இருக்கிறது. பூனை உடம்பில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். காலை ஏழு மணிக்குப் போட்டால் மாலை ஏழு வரை தாங்காது. நடுவில் ஒரு பெரிய பள்ளம், பிறகு ஏற்றம் என்று நாளெல்லாம் ஆடும். வேறு எதுவுமே கிடைக்காத ஊரில், டாக்டர் கவனத்தோடு பார்த்துக்கொண்டால் ஒன்றுமில்லாததற்கு இது தேவலை. முதல் தேர்வு ஆகாது.

கால்நடைக்கென்றே வரும் இன்சுலின்கள் இரண்டைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். பன்றி இன்சுலினில் செய்த கேனின்சுலினுக்கு அமெரிக்காவில் வெட்சுலின் என்று பெயர். மற்றது புரோசிங்க், பூனைகளுக்காக அமெரிக்காவில் 2009ல் அனுமதி பெற்றது. இரண்டும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அடர்த்தி. இவற்றுள் புரோசிங்க் பூனைக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் நோய் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் இருக்கப்போகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் கையில் ஒரு குப்பி கொண்டுவந்தார் என்பதற்காக அதில் தொடங்கி, அது தீர்ந்ததும் வேறொன்றுக்குத் தாவினால், ஒவ்வொரு தாவலிலும் அளவை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டிவரும். உங்கள் டாக்டரால் தடையில்லாமல் வரவழைத்துக் கொடுக்க முடியுமானால் மட்டும் யோசியுங்கள்.

மிச்சம் கிளார்ஜின். லேன்டஸ், பேசலாக், கிளாரிடஸ் என்று பல பெயர்களில் மனிதருக்கு விற்பது. என் தேர்வு இதுதான், காரணம் இரண்டு. ஒன்று, அது உடம்பில் நடந்துகொள்ளும் விதம். குப்பியில் அது அமிலத்தன்மையுள்ள, தண்ணீர் போலத் தெளிந்த திரவம். தோலுக்கடியில் போனதும் அமிலம் சமனாகி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உறைந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால் பள்ளம் ஆழமாக இருப்பதில்லை. பூனைக்கு இதையும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மனிதரைப் போல ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பது பெரும்பாலும் போதாது. இரண்டாவது காரணம் சாதாரணமானது: எல்லா ஊர் மெடிக்கலிலும் கிடைக்கும். 2022ல் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கிளார்ஜின் சேர்ந்தது.

அந்த உறையும் குணம் இருப்பதால்தான் கிளார்ஜினில் தண்ணீரோ சலைனோ கலக்கக் கூடாது, வேறு இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் சேர்க்கக் கூடாது. கலங்கிப் போயிருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். டூஜியோ என்ற பெயரில் வருவதும் கிளார்ஜின்தான், ஆனால் மில்லிக்கு 300 யூனிட். மெடிக்கலில் "கிளார்ஜின் கொடுங்க" என்று மட்டும் கேட்காமல் 100 யூனிட் அடர்த்தி என்று சொல்லி, அட்டைப்பெட்டியில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

செலவு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. இன்சுலின் பேனாவில் போடும் ஒரு 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கிறது. பெரும்பாலான பூனைகளுக்கு ஒரு வேளைக்கு ஒரு யூனிட்டில்தான் ஆரம்பம். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2018 வழிகாட்டியின்படி, பூனை இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு கால் முதல் அரை யூனிட். எவ்வளவு பெரிய பூனையானாலும் தொடக்கத்தில் இரண்டு யூனிட்டைத் தாண்டுவதில்லை. ஒரு வேளைக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் 28 நாளுக்கு 56 யூனிட் ஆகிறது. திறந்த 28 நாளில் எறியச் சொல்லும் அட்டையைக் கேட்டால் முக்கால்வாசி குப்பைக்குப் போகும். அந்த 28 நாள், ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தும் மனிதரையும் மனதில் வைத்துச் சொன்னது. எப்போதும் குளிரில் வைத்து, சுத்தமாக எடுத்தால் அதைவிட அதிக நாள் பயன்படுத்தலாம் என்று பல கால்நடை மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். வைப்பது 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும், ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து வீணாகும். மே மாதத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் என்றால், தெர்மோகோல் பெட்டியும் துணி சுற்றிய ஐஸ் பாக்கெட்டும் தயாராக இருக்கட்டும்.

சிரிஞ்ச்தான் ஆபத்து

வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்த விஷயம் நம் ஊரில் உயிர்ப்பிரச்சினை. இந்தியாவில் மனித இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். கிளார்ஜின் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40க்கானது சிவப்பு மூடி, 100க்கானது ஆரஞ்சு மூடி. கடைக்காரர் பழக்கத்தில் சிவப்பை எடுத்துக் கொடுப்பார். அதில் கிளார்ஜினை "1" என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு யூனிட் போட வேண்டிய நாலு கிலோ பூனைக்கு அது சாவுக்குழி. தலைகீழாக நடந்தால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால், 0.4 யூனிட்தான் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போவோம்.

அதனால் கிளார்ஜினுக்கு ஆரஞ்சு மூடி, அதிலும் 0.3 மில்லி கொள்ளளவுள்ள, அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட சிரிஞ்ச். ஒரு மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடுதான். ஒரு யூனிட்டைக் கண் மதிப்பாக இழுக்க வேண்டிவரும். சின்ன சிரிஞ்ச் கைவசம் இல்லாவிட்டால் மெடிக்கலில் சொல்லி வைத்து வரவழைக்கலாம். வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போடும் பெரியவர் இருந்தால் பூனையின் சிரிஞ்சுகளைத் தனி டப்பாவில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்துக்கும் ஆபத்துதானே.

பேனா வசதியானதாகத் தெரியும். ஆனால் சாதாரணப் பேனாக்களில் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் அளக்க முடியும். பூனைக்கு ஒன்றரை, ஒன்றேகால் எல்லாம் தேவைப்படும். அதோடு, அழுத்திய பிறகு சில நொடி ஊசியை உள்ளேயே பிடித்திருக்க வேண்டும். புதிதாக வந்த தெருப்பூனை அந்தச் சில நொடியைக் கொடுக்காது. குப்பியாகக் கிடைத்தால் குப்பி நல்லது. கார்ட்ரிட்ஜ்தான் என்றால், அதன் ரப்பரில் சிரிஞ்சைக் குத்தி இழுப்பது கால்நடை மருத்துவர்களிடம் பரவலான வழக்கம். உள்ளே காற்றை ஏற்றாமல் இழுங்கள். அப்படிப் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜை மறுபடி பேனாவில் போடாதீர்கள், அளவு பிசகும்.

ஊசி போடுவது கேட்பதைவிட எளிது. சாப்பாட்டில் வாய் வைத்திருக்கும்போது விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி அடியில் போட்டால், மெல்லிய ஊசியைப் பல பூனைகள் கண்டுகொள்வதே இல்லை.

மாத்திரைக்கு ஆசைப்படலாமா?

படலாம், நம் நிலையில் கிடைப்பதுதான் குறைவு. பழைய மாத்திரை கிளிபிசைட். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனைக்கு வேலை செய்யும். வாந்தியும் கல்லீரல் கோளாறும் வரலாம். ஏற்கனவே களைத்த கணையத்தைத் தட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெட்ஃபார்மின் பூனைக்குப் பயனில்லை.

புதிய வரவு, சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றும் மருந்துகள். பெக்ஸாகேட் என்ற மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், சென்வெல்கோ என்ற திரவ மருந்துக்கு 2023 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் பூனைகளுக்காக அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, வாய்வழியாக. கேட்கவே இனிக்கிறது. நிபந்தனைகள் கடுமை: முன்பு இன்சுலின் போட்ட பூனைக்குத் தரக் கூடாது, சாப்பாடு, கல்லீரல், சிறுநீரகம், கணையம் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக, ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோ அசிடோசிஸ் வரலாம். கருவியில் 150 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கும்போது பூனை உள்ளே விஷமேறிக் கொண்டிருக்கும். பழைய வியாதி எதுவென்றே தெரியாத தெருப்பூனைக்கு இந்த மருந்து கொடுப்பதானால் முழு ரத்தப் பரிசோதனையும், முதல் வாரங்களில் கீட்டோன் பார்ப்பதும் கட்டாயம். இதே வகை மனித மாத்திரைகள் நம் மெடிக்கலில் மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

தட்டில் என்ன?

இங்கேதான் பணம் போகும், இங்கேதான் பலனும் அதிகம். பூனைச் சர்க்கரைக்கும் நம் சர்க்கரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: சீக்கிரம் பிடித்துச் சரியாகப் பார்த்தால், இன்சுலின் இல்லாமலே இருக்கும் நிலைக்குப் பூனை திரும்ப வாய்ப்புண்டு. 2009ல் வெளியான ஓர் ஆய்வில், கிளார்ஜினும் மாவுச்சத்து குறைந்த ஈர உணவும் கொடுத்து வீட்டிலேயே அடிக்கடி சர்க்கரை பார்த்த 55 பூனைகளில், நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம் இன்சுலினிலிருந்து விடுபட்டன. அதற்குப் பிறகு வந்தவற்றில் 35 சதவீதம். அவ்வளவு முனைப்பாகப் பார்த்துக்கொண்டவர்களின் பூனைகள் அவை. எல்லா வீட்டிலும் அந்த எண் வராது. ஆனாலும் முதல் மாதங்களில் காசையும் நேரத்தையும் கொட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

தயிர்சாதம், பால், பிஸ்கட் எல்லாம் போகட்டும். உலர்ந்த தீவனமும் மாவுச்சத்து நிறைந்த அந்த வகைதான் என்பது பலருக்குத் தெரியாது. பாக்கெட்டில் மாவுச்சத்து அளவு போடமாட்டார்கள். நாமே கணக்குப் போடலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. சாம்பல் போடவில்லை என்றால் ஈர உணவுக்கு 2, உலர் உணவுக்கு 8, 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உலர் தீவனத்தில் புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 9 என்றால் மிச்சம் 35. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிப் பாருங்கள்: மொத்தக் கலோரியில் 38 சதவீதம் மாவு. நமக்கு வேண்டியது 12க்குள். புரதம் 10, கொழுப்பு 5, நார் 0.5, ஈரம் 81, சாம்பல் 2 உள்ள ஈர உணவு ஆறரை சதவீதத்துக்குள் வந்துவிடும். புரதம் 9, கொழுப்பு 3, நார் 1, ஈரம் 82 உள்ள இன்னொன்று 15ஐத் தாண்டிவிடும். குழம்பு மிதக்கும் வகைகளில் குழம்பைக் கெட்டியாக்க மாவு சேர்ப்பதுண்டு. கூழாக அரைத்த வகை பெரும்பாலும் நல்லது. பாக்கெட்டில் போடுபவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இந்தக் கணக்கு தோராயம்தான், இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட அது போதும்.

செலவைப் பாருங்கள். நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு இருநூறு கலோரிக்கு மேல் வேண்டும். மெலிந்து வந்த பூனைக்கு இன்னும் கொஞ்சம். 80 கிராம் பாக்கெட் ஒன்றில் ஐம்பது, அறுபது கலோரிதான். நாளைக்கு நாலு பாக்கெட் ஆகிறது! மாதக் கணக்கில் இன்சுலினைவிட இதுதான் பெரிய செலவு. உடனே கோழி வேகவைத்துப் போடலாமே என்று தோன்றும். மாவுச்சத்து பூஜ்யம் என்ற ஒரே காரணத்துக்கு அது அருமையான சாப்பாடு. ஆனால் வெறும் கோழிக்கறியில் சுண்ணாம்புச்சத்து கிடையாது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பூனைக்குக் கறியிலிருந்து கிடைக்க வேண்டிய டாரின் என்ற சத்தும் போய்விடும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும் என்பது 1987லேயே நிரூபணமான விஷயம். மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு வரை வெறும் கறி சேர்க்கலாம். அதற்கு மேல் என்றால் டாக்டர் சொல்லும் அளவில் கால்சியம், டாரின், வைட்டமின் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், பாதி அப்படிச் சரிக்கட்டிய கோழி என்ற ஏற்பாடு பல குடும்பங்களுக்குக் கட்டுபடியாகிறது, எனக்கும் பிடித்தது அதுதான். மீன் என்றால் வேகவைத்தே போடுங்கள். சில பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைப்பவை, ஆகவே மீன்குழம்பு மிச்சம் எந்த நாளும் வேண்டாம்.

வரிசை முக்கியம். முடிந்தால் சாப்பாட்டை முதலில் மாற்றி, பிறகு இன்சுலின் அளவை நிலைப்படுத்துங்கள். உலர் தீவனத்தோடு மூன்று யூனிட் போட்டுக்கொண்டிருந்த பூனையை ஒரே நாளில் ஈர உணவுக்கு மாற்றிவிட்டு அதே மூன்றைப் போட்டால், தாழ்சர்க்கரையில் வலிப்பு வரும். புதிய சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும் பூனையைப் பட்டினி போட்டுப் பழக்கவும் கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே அதன் கல்லீரலில் கொழுப்பு படியும்.

எதில் பார்ப்பது?

மூத்திரப் பட்டை மலிவு. கீட்டோன் தெரிவதற்காகவே வீட்டில் ஒரு டப்பா இருக்க வேண்டும். ஆனால் அதை வைத்து இன்சுலின் அளவை ஏற்றக் கூடாது. சில மணி நேரத்துக்கு முந்தைய கதையை அது சொல்கிறது, தாழ்ந்துபோனதைச் சொல்லவே சொல்லாது.

மருத்துவமனையில் நாள் முழுக்க வைத்துப் பார்ப்பது பழகாத தெருப்பூனைக்கு வீண்செலவு. பயத்தில் ஏறிய எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டி அனுப்புவார்கள், வீட்டில் அமைதியானதும் அது தாழும்.

மனிதருக்கான சாதாரண குளுக்கோமீட்டர் என் கட்சி. காது மடலின் விளிம்பில் ஓடும் ரத்தக்குழாய்க்கு வெளிப்பக்கம் ஒரு குத்து, ஒரு துளி ரத்தம். மனித ரத்தத்தில் சர்க்கரையில் 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் மீதி சிவப்பணுக்களிலும் இருக்கும். பூனைக்கு 93 சதவீதம் பிளாஸ்மாவில். மனிதக் கருவி மனித ரத்தத்தின் பங்கீட்டை எதிர்பார்த்துச் செய்தது என்பதால் பூனையில் பொதுவாக உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஏமாற்றினாலும் பெரும்பாலும் பத்திரமான பக்கம் ஏமாற்றுகிறது. ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குக் கருவி துல்லியம் கூடியது. அதன் பட்டையின் விலையும் கூடவே. ஒரே கருவியையே கடைசிவரை பயன்படுத்தி, எந்தக் கருவி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும்.

ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரை மழித்த தோலில் ஒட்டினால் குத்தாமலே எண் வரும். மனிதருக்கு 14 நாள் என்றாலும் பூனை சொறிந்து பிய்த்துவிடுவதால் பலசமயம் அதற்கு முன்பே கழன்றுவிடும். முதல் மாதம் அளவு நிலைப்படும் வரை ஒன்று வாங்குவது நல்ல முதலீடு, குறிப்பாகக் காதைத் தொடவே விடாத பூனைக்கு. மாதாமாதம் வேண்டியதில்லை.

எதில் பார்த்தாலும் தேடுவது நாளின் மிகத் தாழ்ந்த புள்ளியை. ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அது கிடைக்கும். 80க்கும் 150க்கும் நடுவில் இருந்தால் அளவு சரி. 80க்குக் கீழே போனால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். 60க்குக் கீழே, அல்லது தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடுக்கம் என்றால் உடனே சாப்பாடு. சாப்பிடாவிட்டால் தேனையோ, குளுக்கோஸ் பொடியைக் குழைத்தோ ஈறில் தடவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

டாக்டர் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு, துறைவாரியாகப் பார்ப்பார்கள். கூட்டமும் காத்திருப்பும் உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் இருக்கின்றன. பக்கத்து கிளினிக்கில் செலவு கூடினாலும் இரவு ஒன்பதுக்கு ஃபோன் எடுப்பார் என்றால் அதற்கு மதிப்புண்டு. முதல் பரிசோதனைகளுக்கு ஒன்று, தொடர்ச்சிக்கு மற்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் யார் இருப்பார்கள்?

காலை ஏழு, மாலை ஏழு. இரண்டு வேளையும் வீட்டில் ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை. ஒரு வேளை தவறினால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போடுங்கள். அப்பா போட்டாரா அம்மா போட்டாரா என்று சந்தேகம் வந்தாலும் அதே விதி: போடாதீர்கள். ஒரு ஊசி தப்பினால் அன்று சர்க்கரை ஏறும், இரட்டை ஊசியில் உயிர் போகலாம். ஃபிரிட்ஜ் கதவில் நாள்காட்டியும் பேனாவும் தொங்கட்டும். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்து சாப்பிடாத பூனைக்கு முழு அளவைப் போடாமல், சர்க்கரையைப் பார்த்து டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பம், போகும்போது ஊசி போடத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பழக்க வேண்டும். கிளம்பும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை ஆகாது.

இன்சுலின் போடும் பூனை தெருவுக்குத் திரும்ப முடியாது. ஊசி போட்டுவிட்டு மதில் தாண்டிப் போனால், அது எங்கே தள்ளாடி விழுந்தது என்றே நமக்குத் தெரியாது. வேறு பூனைகள் இருக்கும் வீட்டில் உலர் தீவனத் தட்டைத் திறந்து வைக்கும் பழக்கமும் நிற்க வேண்டும்.

தொடவே விடாத பூனை? இதற்கு எளிய பதில் இல்லை. ஒரு சிறிய அறையில் வைத்து, சாப்பாட்டை மட்டும் மாற்றி, கீட்டோன் பார்த்துக்கொண்டு, சாப்பிடும் நேரத்தில் முதுகைத் தடவுவதிலிருந்து தொடங்கினால் பல பூனைகள் இறங்கிவரும். ஸ்டீராய்டினாலோ பல்லினாலோ வந்த சர்க்கரை என்றால் இந்தக் காலத்திலேயே குறைந்தும் விடலாம். இறங்கி வராத பூனைக்கு, ரத்தப் பரிசோதனைகள் நன்றாக இருந்து மருந்தும் கிடைக்குமானால், சென்வெல்கோ என்ற அந்த வாய்வழித் திரவத்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதை டாக்டரோடு பேசலாம். நான் அதை ஆதரிக்கும் ஒரே இடம் இது. அதுவும் முடியாது, மெலிவு நிற்கவில்லை, கீட்டோன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தெருவில் விட்டால் அதே முடிவு பல நாள் தாகத்தோடும் வாந்தியோடும் வரும்.